வசாய் கோட்டை ஞாயிறு சுற்று: செத்தவர்கள் கதை சரி, பிழைத்தவர்கள் கதை?

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கத்துப் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்தும் மற்றச் சபைகளிலிருந்தும் மும்பைக்கு வடக்கே உள்ள வசாய் கோட்டைக்கு ஒருநாள் போய்வருவது புதிதில்லை. இப்போது ஒரு சிறு குழு அதையே முழுக்கத் தமிழில், வேதகலாபனை, அதாவது விசுவாசத்துக்காகக் கிறிஸ்தவர்கள் வதைக்கப்பட்டது, என்ற ஒரே பொருளை வைத்து நடத்துகிறது. தலைக்கு 450 ரூபாய். வசாய் ரோடு ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்குப் போகவர டெம்போ, மதியத்துக்கு எலுமிச்சை சாதப் பொட்டலம், பன்னிரண்டு பக்கக் கையேடு எல்லாம் அதில் அடக்கம். ரயில் டிக்கெட் அவரவர் செலவு. காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 3.30க்கு முடிகிறது. முப்பது பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு: காலை நடை சுமார். மதிய வகுப்பு அபாரம். நடுவில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள், அதைத் தூக்கிவிடலாம்.

வசாய் ஏன் என்று கேட்பவர்களுக்கு. 1534இல் போர்த்துக்கீசியர் கைக்கு வந்த ஊர் இது. 1739இல் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படை பிடிக்கும்வரை அவர்களிடமே இருந்தது. இங்கே போர்த்துக்கீசியத் தகப்பனுக்கும் கொங்கணத் தாய்க்கும் பிறந்தவர் கொன்சாலோ கார்சியா. இயேசு சபையாரோடு சிறுவயதில் ஜப்பான் போனார், மொழி படித்தார், பிறகு வியாபாரம் செய்தார், மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் சகோதரராகச் சேர்ந்தார். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்ட 26 பேரில் ஒருவர். 1862இல் புனிதர் பட்டம். அதனால் ஜப்பானில் நடந்ததைப் பற்றிப் பேச மும்பையில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கிறிஸ்தவ வரலாற்றிலேயே, ஒரே அடக்குமுறைக்கு மனிதர்கள் எத்தனை விதமாக முகம் கொடுத்தார்கள் என்பதைக் காட்ட ஜப்பானை விஞ்சிய உதாரணம் அரிது. சுற்றின் தலைப்பே 'வேதகலாபனையில் விசுவாசிகள்' என்பதால், அந்தப் பலவிதத்தை எவ்வளவு நேர்மையாகச் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

முதலில் போக்குவரத்து. சயான், தாராவிக்காரர்கள் தாதரில் இறங்கி மேற்கு லைனுக்கு மாறி விரார் வண்டி பிடிக்க வேண்டும். ஞாயிறு என்பதால் பிளாக் (பராமரிப்புக்காகத் தடத்தை மூடுவது) அறிவிப்பைச் சனிக்கிழமை இரவே பார்த்துவிடுவது நல்லது. பிளாக் இருந்தால் ஃபாஸ்ட் வண்டிகள் ஸ்லோ தடத்தில் ஓடும், அரை மணி நேரம் கூடும். வசாய் ரோட்டில் மேற்குப் பக்கம் வெளியே வரவேண்டும். டெம்போவைத் தவறவிட்டால் ஆட்டோக்காரரிடம் 'கில்லா' என்றால் போதும். கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே விளக்கப் பலகைகள் கொஞ்சம்தான், குடிதண்ணீரை நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துப்போங்கள். ஏற்பாட்டாளர்கள் கொடுக்கும் அரை லிட்டர் பாட்டில் பதினோரு மணிக்கே காலியாகிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். மழைக்காலத்தில் படிகளில் பாசி பிடித்துக் கிடக்கும், புதரில் பாம்பு உண்டு. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

காலை நடை இரண்டரை மணி நேரம். புனித சூசையப்பர் ஆலயத்தின் மணிக்கூண்டு, பிரான்சிஸ்கன் ஆலய இடிபாடு, கொன்சாலோ பெயரால் இன்று அழைக்கப்படும் பழைய இயேசு சபை ஆலயம், கடல் வாசல் என்று போகிறது. வழிகாட்டிகள் இளைஞர்கள், குரல் நன்றாக எடுபடுகிறது, ஆர்வம் இருக்கிறது. ஆனால் தகவலில் ஓட்டை. கொன்சாலோவை 'குருவானவர்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவர் குருப்பட்டம் பெறவில்லை, சகோதரர்தான். கைகால்களில் ஆணி அடித்ததாகச் சொல்கிறார்கள். நாகசாகியில் ஆணி இல்லை. கயிற்றாலும் கழுத்தில் இரும்பு வளையத்தாலும் கட்டி நிறுத்தி, இரண்டு பக்கமும் ஈட்டியால் குத்தினார்கள். 26 பேரும் துறவிகள் என்பதும் தப்பு. பிரான்சிஸ்கர்கள் 6, இயேசு சபையார் 3, மீதி 17 பேர் பொதுநிலையினர். கொன்சாலோவின் திருநாள் ஏன் இறந்த தேதியில் இல்லாமல் பிப்ரவரி 6இல் வருகிறது என்று யாரோ கேட்டால் வழிகாட்டி தடுமாறுகிறார். 5ஆம் தேதி ஏற்கெனவே புனித ஆகத்தம்மாளுக்கு உரியது, அவ்வளவுதான் விஷயம்.

இவை திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். பெரிய குறை வேறு. காலை முழுக்க ஒரே ராகம்: பயப்படவில்லை, பின்வாங்கவில்லை, சிரித்துக்கொண்டே செத்தார்கள். அந்த 26 பேரின் கதைக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதைக்கூட விட்டுவிடுகிறார்கள். முதலில் பட்டியலில் இருந்தது 24 பேர். கியோட்டோவிலிருந்து நாகசாகிவரை குளிரில் நடத்திக்கொண்டு போனபோது வழித்துணையாக, உதவி செய்ய வந்த இருவர் தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். மத்தியாஸ் என்ற பெயரைக் காவலர்கள் கூப்பிட்டபோது அந்த மத்தியாஸ் வீட்டில் இல்லை. 'என் பேரும் மத்தியாஸ்தான்' என்று இன்னொருவர் முன்வந்தார் என்பது வழிவழிச் செய்தி. அப்படியானால் பட்டியலில் இருந்த முதல் மத்தியாஸ் பிழைத்துப்போனார். அவர் பிறகு என்ன நினைத்திருப்பார்? இந்தக் கேள்வியை எழுப்ப இரண்டு நிமிடம் போதும், எழுப்பவில்லை.

எங்கே நிற்பது, எங்கே நகர்வது என்பதிலும் கணக்குப் பிசகியிருக்கிறது. மணிக்கூண்டின் சுழல் படி குறுகலானது, ஒருவர் ஏற ஒருவர் இறங்க முடியாது. முப்பது பேர் ஏறி இறங்கி, செல்ஃபி எடுத்து முடிய முக்கால் மணி நேரம். அதற்கு நேர்மாறாக, தரையெங்கும் போர்த்துக்கீசியக் கல்லறைக் கற்கள் பதித்த பிரான்சிஸ்கன் ஆலயத்தில் பத்தே நிமிடம். கொன்சாலோ சேர்ந்த சபையின் ஆலயம் இது. எழுத்துகள் இன்னும் தெரிகின்றன, குடும்ப முத்திரைகள் தெரிகின்றன, யார் காசு கொடுத்துக் கட்டிய வேதம் என்பது காலுக்குக் கீழேயே கிடக்கிறது. மணிக்கூண்டு ஏறுவதை விருப்பமாக்கிவிட்டு இங்கே அரை மணி நேரம் உட்கார வைக்கலாம். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் கூட்டம் பத்து மணிக்குமேல் வந்துவிடும் என்பதால் இந்த ஆலயத்தை முதலில் பார்ப்பதே உசிதம்.

இனி அந்த விளையாட்டு. பதினொன்றரை மணிக்கு, நிழலான ஒரு மதிலோரம், ஒரு அட்டைப் படத்தைத் தரையில் வைக்கிறார்கள். மாதா படம். ஒவ்வொருவராக வந்து 'மிதிப்பாயா, மாட்டாயா' என்று பதில் சொல்ல வேண்டும். ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மிதிபடச் சோதனையைப் பார்த்துச் செய்தது; கிறிஸ்துவின் அல்லது மாதாவின் படத்தை மிதிக்கச் சொல்லி, மறுப்பவரைக் கிறிஸ்தவர் என்று கண்டுபிடிக்கும் முறை அது. எல்லாரும் 'மாட்டேன்' என்கிறார்கள், கைதட்டல், அடுத்தவர். பத்து நிமிடத்தில் முப்பது மறைசாட்சிகள்! வெயிலைத் தவிர வேறு வேதனை இல்லாத இடத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. பிள்ளைகள் கூட இருக்கும்போது ஒருவர் நேர்மையாகத் 'தெரியலை' என்று சொல்லவும் முடியாது.

சோதனையின் நிஜ வேலை எப்படி நடந்தது என்பதைக் காட்டியிருந்தால் இதே பத்து நிமிடம் பயன்பட்டிருக்கும். ஆரம்பத்தில் அதிகாரிகள் வெளிப்படையாகக் கொன்றார்கள். 1622இல் நாகசாகியில் ஒரே நாளில் 55 பேர். கூட்டம் கூடியது, பாட்டுப் பாடினார்கள், சாம்பலையும் துணியையும் அருளிக்கமாக (புனித நினைவுப்பொருளாக) எடுத்துப் போனார்கள். கொல்லக் கொல்ல விசுவாசம் வளர்கிறதே என்று கண்டதும் அரசு முறையை மாற்றியது: சாகடிப்பதைவிட மறுதலிக்க வைப்பதே இலக்கு. குழியில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். ரத்தம் தலையில் கட்டிச் சீக்கிரம் சாகாமல் இருக்க நெற்றிப்பொட்டில் கீறிவிடுவார்கள். சைகை காட்ட ஒரு கையை மட்டும் கட்டாமல் விடுவார்கள். 1633 அக்டோபரில் இயேசு சபைத் தலைவர்களில் ஒருவரான கிறிஸ்டோவாவோ ஃபெரெய்ரா ஐந்து மணி நேரத்தில் கைகாட்டினார். அதே சமயம் குழியில் தொங்கிய ஜூலியன் நகௌரா கைகாட்டாமல் மூன்றாம் நாள் இறந்தார். ஃபெரெய்ரா அதன்பின் சவானோ சூவான் என்ற ஜப்பானியப் பெயரில், அரசு விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக வாழ்ந்தார். மிதிபடம் இதன் இன்னொரு பாதி. நாகசாகியில் ஆண்டுத் தொடக்கத்தில் வீட்டில் உள்ள எல்லாரும், கைக்குழந்தை உட்பட, மிதிக்க வேண்டும். முதலில் காகிதப் படம், அது கிழிந்தது. பிறகு மரப்பலகையில் உலோகத் தகடு, பின்னர் பித்தளை வார்ப்பு. இன்று அருங்காட்சியகத்தில் உள்ளவற்றில் கிறிஸ்துவின் முகம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். அத்தனை கால்கள்.

கையேட்டின் ஏழாம் பக்கம் மட்டும் தனிப் பாராட்டுக்கு உரியது. யார் எழுதினார்களோ, விஷயம் தெரிந்தவர்கள். 1582இல் ஜப்பானிலிருந்து ரோமாபுரிக்குத் தூது அனுப்பப்பட்ட நான்கு கிறிஸ்தவச் சிறுவர்களின் கதை அது. கோவா வழியாகப் போய், 1585இல் பாப்பரசர் 13ஆம் கிரகோரியாரைச் சந்தித்து, 1590இல் ஊர் திரும்பினார்கள். ஒரே கப்பல், ஒரே குருமட வளர்ப்பு, ஒரே ஆசீர்வாதம். மான்சியோ இத்தோ, நாடு முழுக்கக் கிறிஸ்தவத்தைத் தடைசெய்த சட்டத்துக்கு முன்பே, 1612இல் நோயில் இறந்தார். மார்ட்டின் ஹரா 1614 தடையில் நாடு கடத்தப்பட்டு 1629இல் மக்காவில் இறந்தார். ஜூலியன் நகௌரா தலைமறைவாக ஊழியம் செய்து, மேலே சொன்ன குழியில் முடிந்தார். 2008இல் முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி). நான்காமவர் மிகேல் சிஜிவா வேதத்தை விட்டுவிலகினார். அவருடையது என்று கருதப்படும் கல்லறையைத் தோண்டியபோது செபமாலை மணி போன்ற கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. அதற்கு என்ன பொருள் என்று கையேடு எதையும் திணிக்கவில்லை. இந்த ஒரு பக்கத்தைக் காலை நடையின் முதுகெலும்பாக வைத்திருக்கலாம். வழிகாட்டி இதை வாயால் தொடக்கூட இல்லை, 'வீட்டில் படிச்சுக்கோங்க' என்று தாண்டிவிட்டார்.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய். குறை சொல்ல ஒன்றுமில்லை, நிறை சொல்லவும் இல்லை. வெளியே பழக்கடையில் வசாயின் உலர்ந்த வாழைப்பழமான சுகேளி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இப்போது செய்பவர்கள் குறைவு.

சாப்பிட்ட பின் கோட்டைக்கு வெளியே ஒரு கூடத்தில் வகுப்பு, இரண்டு மணி நேரம். காலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத தரம். நடத்துபவரும் வேறு ஆள். 450 ரூபாயில் 400 இதற்கே தகும்.

முதல் பாதி ஜப்பானின் மறைவுக் கிறிஸ்தவர்கள். இருநூற்றைம்பது ஆண்டுகள் குருவே இல்லாமல் ஒரு சபை எப்படி ஓடியது என்பதை ஒரு தொழில்நுட்பக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் சரியான வழி. ஏழு தேவதிரவிய அனுமானங்களில் (சபையின் அருட்சாதனங்களில்) குரு இல்லாமல் எது நடக்கும்? ஞானஸ்நானம் நடக்கும், மெய்விவாகம் நடக்கும். பூசை நடக்காது, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது) நடக்காது. அதனால் கிராமத்தில் வேலை பிரித்துக்கொண்டார்கள்: திருநாள் தேதிகளைக் கணித்துச் சொல்ல ஒருவர், தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், வீடுவீடாகச் செய்தி சொல்ல ஒருவர். வெளியே பௌத்தக் கோயிலில் பெயர் பதிவு, சாவுக்குப் பௌத்தச் சடங்கு. பிள்ளையோடு இருக்கும் கண்ணோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலையை மாதாவாக வைத்து உள்ளே செபம். வருடா வருடம் மிதிபடம் மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, பாவத்துக்காக முழுமனதோடு வருந்தும் உத்தம மனஸ்தாபச் செபம் சொன்னார்கள். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாதபோது உத்தம மனஸ்தாபம் போதும் என்று விளக்கும் ஜப்பானிய மொழிச் சிறுநூல் ஒன்று 1603லேயே தயாராக இருந்தது. இந்த இடத்தில் வகுப்பில் ஒரு பெரியம்மா, "அப்போ மிதிச்சவங்களும் வேதக்காரங்கதானா தம்பி?" என்று கேட்டார். நடத்துபவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் 1865க்குப் போனார். மார்ச் 17, நாகசாகி ஔரா ஆலயம். உரகாமி ஊர்க்காரர்கள் சிலர் பிரெஞ்சுக் குரு பெட்டிஷானிடம் வந்து, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான், மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். ஏழு தலைமுறை மிதித்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். மிதிக்காதவர்கள் வம்சம் பெரும்பாலும் அங்கே இல்லை.

அதோடு நிறுத்தாததுதான் இந்த வகுப்பின் சிறப்பு. வெளியே வந்தவுடன் மறுபடி அடி. உரகாமிக்காரர்கள் 3,000 பேருக்குமேல் நாட்டின் பல மூலைகளுக்குக் கடத்தப்பட்டார்கள், 600 பேருக்குமேல் செத்தார்கள், கடத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மறுதலித்தார்கள். தடை நீங்கியது 1873இல். இன்னொரு கூட்டம் கத்தோலிக்கச் சபைக்குத் திரும்பவே மறுத்தது. முப்பாட்டன் மறைத்து வைத்துச் செய்த முறையே எங்கள் வேதம், புதுச் சாமியார் சொல்வது வேறு என்று இக்கிட்சுக்கித் தீவு போன்ற இடங்களில் தனியாகவே நின்றார்கள். வேதகலாபனைக்குப் பதில் சொல்வது கலாபனை முடிந்த பிறகும் முடியவில்லை என்பது இதில்தான் தெரிகிறது.

இரண்டாம் பாதி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம், 251ஆம் ஆண்டு. முந்தைய ஆண்டு உரோமை அரசன் டேசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். எகிப்து மணலில் கிடைத்த அப்படியொரு சான்றிதழின் தமிழாக்கத்தை ஆளுக்கொரு தாளில் தருகிறார்கள். அலெக்சாண்டர் தீவு என்னும் ஊரைச் சேர்ந்த அவ்ரேலியுஸ் தியோகெனஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், பானம் வார்த்தேன், படையலில் உண்டேன், கீழே சான்று தாருங்கள். அடியில் அதிகாரி கையொப்பம். ரேஷன் ஆபீஸில் நிற்கும் விண்ணப்பம் போலவே இருக்கிறது, அங்க அடையாளம் உட்பட. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும்போது கூடம் அமைதியாகிவிடுகிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதே: இதில் பெயர் உள்ளவரெல்லாம் மறுதலித்த கிறிஸ்தவர் இல்லை. ஆணை எல்லாருக்கும்தான். முதலை தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கியிருக்கிறாள்.

பிறகு ஆறு ஆறு பேராகப் பிரித்து ஆயர் மன்றமாக உட்கார வைக்கிறார்கள். வழக்குகள் அட்டையில் வருகின்றன. எல்லாம் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானின் கடிதங்களிலிருந்தும் எழுத்துகளிலிருந்தும் எடுத்தவை, கற்பனை இல்லை. கூப்பிட்டவுடன் ஓடிப்போய்ப் பலியிட்டவன். நெடுநேரம் எதிர்த்து நின்று, வதை தாங்காமல் பலியிட்டவன். மனைவி, பிள்ளை, குடியானவர் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனவன். தான் ஒருவனே போய்ப் பலியிட்டு வீட்டில் மற்றவர்களைக் காப்பாற்றியவன், அகதிகளுக்கு இடமும் கொடுத்தவன். பலியிடாமல் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவன். ஊரைவிட்டு ஓடி, சொத்தை இழந்தவன். ஒவ்வொருவரையும் நற்கருணைக்குச் சேர்க்கலாமா, எத்தனை காலத் தவத்துக்குப் பிறகு? ஒவ்வொரு குழுவும் தீர்ப்பும் காரணமும் ஒரு வரியில் எழுத வேண்டும்.

சண்டை வருகிறது. வரத்தான் வேண்டும். 'வீட்டைக் காப்பாற்றியவனுக்குத் தண்டனையே வேண்டாம்' என்று ஒரு மேஜை, 'அப்படிச் செய்தால் சிறையில் செத்தவனுக்கு என்ன மரியாதை' என்று இன்னொரு மேஜை. பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வந்தவர்களும் கத்தோலிக்கரும் ஒரே மேஜையில் இருந்தால் இன்னும் சூடு பிடிக்கும், ஏனென்றால் தவம், பாவமன்னிப்பு என்றாலே இருவருக்கும் கணக்கு வேறு. இதில் நடத்துபவர் ஒரு காரியம் சரியாகச் செய்கிறார்: உண்மைத் தீர்ப்பைக் கடைசிவரை சொல்வதில்லை. பிறகு சொல்கிறார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்தார்கள். பலியிட்டவர்களுக்கு நீண்ட தவம், மரணப் படுக்கையில் சபையோடு சமாதானம். ஓரிரு ஆண்டில் அடுத்த கலாபனை வரும் என்ற பயம் எழுந்தபோது தவத்தில் இருந்தவர்கள் அனைவரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆயுதமில்லாமல் எப்படிப் போருக்கு அனுப்புவது என்பது நியாயம். உரோமையில் நொவாசியன் யாரையும் சேர்க்க முடியாது என்று தனிச் சபையே தொடங்கினார்.

எதிர்ப்பக்கச் சிக்கலையும் விடவில்லை. சிறையில் வதைபட்டுப் பிழைத்தவர்கள் கையில் ஒரு அதிகாரம் வந்துவிட்டது: பலியிட்டு விழுந்தவர்களுக்கு, சபையில் மறுபடி சேர்க்கச் சொல்லும் சமாதானச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சிலவற்றில் 'இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்' என்று மட்டும் இருந்தது. சேர்ந்தவர்கள் என்றால் இருபது பேரா, முப்பது பேரா? சிப்ரியான் தலையில் கைவைத்துக்கொண்டார். அவருக்கும் தர்மசங்கடம், ஏனென்றால் கலாபனைக் காலத்தில் அவரே ஒளிந்திருந்தார், உரோமைக் குருக்கள் அதைக் குத்திக்காட்டி எழுதினார்கள். எட்டு ஆண்டு கழித்து, 258 செப்டம்பர் 14 அன்று, அதே ஆள் ஓடாமல் நின்று வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தார். ஒரே மனிதரின் இரண்டு பதில்கள். இதைக் காலையில் கொன்சாலோவோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் நடை முழுதும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நம் பக்கத்து உதாரணங்கள் கையேட்டில் அரைப் பக்கம்தான், அது போதாது. தாராவித் தமிழர்களில் திருநெல்வேலி, குமரிப் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர்! போர்த்துக்கீசிய இயேசு சபைக் குருவான அருளானந்தர் (ஜான் த பிரிட்டோ) 1686இல் பிடிபட்டு வதைபட்டு விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா போய், திரும்பி வராமல் இருக்க எல்லா வசதியும் இருந்தும் வந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுப்பட்டார். தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். அவர் மனைவி ஞானப்பூ வடக்கன்குளத்தில் மிச்ச வாழ்க்கையைக் கழித்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜப்பானின் ஷிமபாராக் கிளர்ச்சியும் இல்லை. 1637இல் வரிக்கொடுமையும் வேதகலாபனையும் சேர்ந்து ஆயுதம் எடுத்த குடியானவர்கள் ஹரா கோட்டையில் அடைபட்டு, 1638இல் அழிந்தார்கள். அவர்களைச் சபை மறைசாட்சிகளாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஏன் என்பது ஒரு முழு மணி நேர விவாதத்துக்கு ஆகும்.

இவற்றையெல்லாம்விட மன்னிக்க முடியாத விடுபடல் ஒன்று. இதே வசாய்க்கு உட்பட்டிருந்த பம்பாய்த் தீவைக் குத்தகைக்கு வைத்திருந்த வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, கட்டாயத்தால் கிறிஸ்தவரான யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1568இல் இறந்தார். மறுவருடம் அவர் சகோதரி கத்தரீனாவைக் கோவாவில் யூதமதம் கடைப்பிடித்த குற்றத்துக்கு எரித்தார்கள். 1580இல் ஓர்த்தாவின் எலும்பையும் தோண்டி எரித்தார்கள். எரித்தது கோவாவின் விசாரணை மன்றம், கிறிஸ்தவர்களுடையது. வெளியே ஒன்று காட்டி உள்ளே ஒன்று கும்பிட்டவர்களைப் பற்றி நாகசாகிக்குப் போய்ப் பேசும் சுற்று, காலடியில் இருக்கும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வேற்று மதத்து நண்பர்களை அழைத்துப்போனால் அவர்கள் முதலில் கேட்கப்போவதும் இதுவே.

யாருக்கு ஏற்றது: பதினைந்து வயதுக்கு மேல். மறைக்கல்வி வகுப்பு நடத்துபவர்கள், வேதபாட ஆசிரியர்கள், இளைஞர் குழுத் தலைவர்கள் கட்டாயம் போகலாம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், குழி வதையை விவரமாகச் சொல்கிறார்கள், எச்சரிக்கவும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் காலை நடையைத் தவிர்த்து நேராக மதிய வகுப்புக்கு வரலாமா என்று கேளுங்கள்; கேட்டால் 250 ரூபாய்க்கு ஒத்துக்கொள்கிறார்கள், விளம்பரத்தில் இதைப் போடுவதில்லை. பங்காகச் சேர்ந்து போகிறவர்கள் பணம் கட்டுமுன் இரண்டு நிபந்தனை வையுங்கள்: மதிய வகுப்புக்கு அதே பயிற்றுநர் வர வேண்டும், மிதிபட விளையாட்டுக்குப் பதிலாக அந்த நேரத்தில் ஏழாம் பக்கத்தைப் படிக்க வேண்டும். ஆயர் மன்ற அட்டைகளின் நகல் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தாள் செலவு தனி. திரும்பும்போது மாலை 4 மணிக்குள் வசாய் ரோடு வந்துவிட்டால் சர்ச்கேட் பக்கம் போகும் வண்டியில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.